தஞ்சோங் ரம்புத்தான் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க? பள்ளிக் கட்டுரையைச் செப்பனிடும் வழிகள்

"உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்."

மலேசியாவில் வளர்ந்த எவரும் இந்தக் கிண்டலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஈப்போவுக்கு வடகிழக்கே, உலு கிந்தா வட்டாரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊரின் பெயர், நாடு முழுக்க ஒரு வசைச்சொல்லாகப் புழங்குகிறது. காரணம், 1911இல் அங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை.

இப்போ ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நீங்கள் அந்த ஊர்ப் பிள்ளை. படிவம் 5. தேர்வுத் தாளில் 'எனது ஊர்' என்று ஒரு தலைப்பு வந்திருக்கிறது. மருத்துவமனையைப் பற்றி எழுதுவீர்களா, மறைப்பீர்களா? எழுதினால் எந்தச் சொல்லைப் போடுவீர்கள்? வீட்டில் பேசுகிற மாதிரி 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றா?

கட்டுரையைச் செப்பனிடுவது என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது, ஓரம் விட்டு எழுதுவது என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் செப்பனிடும் வேலையில் பாதி, சரியான சொல்லைத் தேடுவதில் இருக்கிறது. அதனால் இந்த விளக்கத்துக்குத் தஞ்சோங் ரம்புத்தானையே எடுத்துக்கொள்வோம்.

இது ஏன் இப்போ முக்கியம்?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானது. பி.டி.3 தேர்வு 2022இல் ரத்தானது. இன்று இடைநிலைப்பள்ளியின் மேல் வகுப்புகளில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: உங்களை முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தமிழ்க் கட்டுரையைத் திருத்தி மதிப்பெண் போடப்போவது, பெரும்பாலும் எஸ்.பி.எம்.இல்தான் முதல்முறை.

உங்கள் ஆசிரியருக்கு உங்கள் கையெழுத்து பழக்கம். நீங்கள் என்ன சொல்லவருகிறீர்கள் என்பதை அவர் பாதி வாக்கியத்திலேயே ஊகித்துவிடுவார். தேர்வுத்தாள் திருத்துபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கையில் இருப்பது தாளில் உள்ளது மட்டும்தான்.

முதலில் தோற்றம்

இதை வேகமாக முடித்துவிடலாம். தலைப்பைத் தனி வரியில் எழுதுங்கள். அதன் முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் சற்று உள்ளே தள்ளித் தொடங்குங்கள். ஒரு பத்தியில் ஒரு கருத்து போதும். வினாத்தாளில் குறைந்தபட்ச சொல் எண்ணிக்கை கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் தாண்டுங்கள். ஆனால் தாண்டுவதற்காகவே ஒரே கருத்தை மூன்று விதமாகத் திரும்பச் சொல்லாதீர்கள்.

தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு நேர்க்கோடு போட்டு அடித்தால் போதும். பேனாவால் கிறுக்கிக் கருப்புக் குளம் கட்ட வேண்டாம். வரியின் கடைசியில் இடம் போதாமல் ஒரு சொல்லை உடைக்க நேர்ந்தால், புள்ளி வைத்த எழுத்தை அடுத்த வரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். 'பள்' என்று முதல் வரியில் முடித்து, 'ளி' என்று அடுத்த வரியில் தொடங்கலாம். 'ப' மட்டும் மேலே, 'ள்ளி' கீழே என்பது கூடாது.

இணையத்தில் மாதிரிக் கட்டுரை தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கிடைப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை. அங்கே 'குறிப்புச் சட்டகம்' போட்டு, 'முன்னுரை', 'முடிவுரை' என்று உட்தலைப்புகள் கொடுத்து எழுதும் வழக்கம் இருக்கிறது. நம் பள்ளிகளில் கட்டுரை என்றால் உட்தலைப்பு இல்லாமல் பத்தி பத்தியாகப் போவதுதான் வழக்கம். முன்னுரை இருக்கும், ஆனால் 'முன்னுரை' என்ற சொல் தாளில் இருக்காது. இரண்டு முறைகளிலும் தவறில்லை. ஆனால் இங்கே எழுதும்போது இங்குள்ள முறையில் எழுதுங்கள்.

ஒரு பத்தி, இரண்டு வடிவம்

நாமே ஒரு மாதிரிப் பத்தியை எழுதிப் பார்ப்போம். அவசரத்தில் எழுதிய முதல் வடிவம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"என் ஊர் தஞ்சோங் ரம்புத்தான் ஆகும். இது ஒரு அழகான ஊர் ஆகும். இங்கு கடைகள் மற்றும் கோயில் மற்றும் பள்ளி இருக்கிறது. எல்லாருக்கும் இந்த ஊர் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி தான் ஞாபகத்துக்கு வரும். அது 1911ல கட்டப்பட்டது. என் பாட்டி இங்கே பால்மரம் வெட்டினாங்க. ஆகவே நாம் அனைவரும் நம் ஊரை நேசிக்க வேண்டும் என்றுக் கூறி என் கட்டுரையை முடிக்கிறேன்."

இதில் பிழைகள் இருக்கின்றன. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் முதல் மூன்று வாக்கியங்கள் பொருந்திவிடும். சித்தியவானைப் போடலாம், சுங்கை சிப்புட்டைப் போடலாம். 'அழகான ஊர்' என்றால் படிப்பவர் கண்ணில் எதுவும் தெரியாது. நான்காவது வாக்கியத்தில்தான் இந்த ஊருக்கே உரிய விஷயம் ஒன்று வருகிறது; அதையும் எழுதியவர் அவசரமாகக் கடந்துபோகிறார். பாட்டியும் ஒரு வாக்கியத்தில் வந்து, அடுத்த வாக்கியத்தில் காணாமல் போகிறார்.

இப்போ செப்பனிட்ட வடிவம்:

"ஊர்ப் பெயரைச் சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. எங்கள் தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டிலிருந்து ஒரு மனநல மருத்துவமனை இயங்கிவருகிறது என்பதே அதற்குக் காரணம். அதன் இன்றைய பெயர் 'பஹாகியா'. அந்த மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். சிரிப்பவர்களுக்கு இது தெரியாது. இளம் வயதில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்குத் தெரியும். 'அங்கே இருக்கிறவங்களும் நம்ம மாதிரி மனுஷங்கதான்' என்று அவர் சொல்வார்."

நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எழுதியவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிகிறது. கடைசி வாக்கியத்தைப் பாருங்கள்: பாட்டி பேசுவது பேச்சுத் தமிழில்தான் இருக்கிறது. அதை எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டியதில்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒருவரின் வாய்மொழி. 'வெட்டினாங்க', '1911ல' போன்றவை மேற்கோள் குறிக்கு வெளியே, எழுதுபவரின் சொந்தக் குரலில் வரும்போதுதான் பிழை.

'பைத்தியக்கார' என்ற சொல் ஏன் போனது?

நாகரிகத்துக்காக மட்டும் இல்லை. துல்லியத்துக்காகவும்.

இந்த மருத்துவமனைக்கு 'பஹாகியா' என்ற பெயர் வைக்கப்பட்டது 1971இல். நாட்டின் சட்டங்களிலும் இதே மாற்றத்தைப் பார்க்கலாம். சபாவில் 1951இல் வந்த சட்டத்தின் தலைப்பிலேயே பைத்தியம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதற்கும், தீபகற்பத்தில் 1952 முதல் இருந்த மனக்கோளாறு தொடர்பான சட்டத்துக்கும் மாற்றாக 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வந்தது; அது 2010இல் நடப்புக்கு வந்தது. அரசாங்க ஆவணங்களே கைவிட்டுவிட்ட சொல்லை 2020களில் எழுதும் பள்ளிக் கட்டுரை ஏன் சுமக்க வேண்டும்?

'மனநோயாளி' என்பதைவிட 'மனநல சிகிச்சை பெறுபவர்' பொருத்தமானது. ஒருவரை நோயால் மட்டும் அடையாளப்படுத்தாமல் இருக்க இது உதவும். எங்கள் செய்தி அறையிலும் இதே கேள்வி அடிக்கடி வரும். தலைப்பில் இடம் குறைவு, சொல் நீளம் என்று வாதம் நடக்கும். என் கட்சி எப்போதும் நீளமான சொல்தான்.

தோட்டத் தமிழை அழிக்க வேண்டுமா?

செப்பனிடுகிறோம் என்று சொல்லிச் சிலர் ஊர் வாசனை உள்ள சொற்களை எல்லாம் துடைத்துவிடுகிறார்கள். 'பால்மரம்' என்பதை அடித்துவிட்டு 'ரப்பர் மரம்' என்று எழுதுவார்கள். தேவையே இல்லை. மலாயாத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி அகிலன் எழுதிய நாவலின் பெயரே 'பால்மரக் காட்டினிலே'தான். பேராவில் தோட்டங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்த பிறகும், அந்தச் சொல் நம் குடும்பங்களில் உயிரோடு இருக்கிறது. 'லயம்', 'தண்டல்', 'கிராணி' எல்லாம் அப்படித்தான். வாசகருக்குத் தெரியாது என்று தோன்றினால், முதல்முறை வரும்போது அரை வாக்கியத்தில் விளக்கிவிட்டு மேலே போங்கள்.

மாற்ற வேண்டியவை வேறு. நாம் பேசும்போது மலாய்ச் சொற்களை நினைக்காமலேயே கலந்துவிடுகிறோம். 'பாசார் மாலாம்' கட்டுரையில் 'இரவுச் சந்தை' ஆக வேண்டும். 'கோத்தோங் ரோயோங்' என்றால் 'கூட்டுப்பணி'. ஆனால் முகவரியில் வரும் 'ஜாலான்', 'தாமான்' இரண்டையும் தொடாதீர்கள். அவை பெயரின் பகுதி. 'கம்போங்' நம் வழக்கில் 'கம்பம்' ஆகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. அதையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் ஆசிரியர் 'கிராமம்'தான் வேண்டும் என்றால் சண்டை போடாதீர்கள்.

மதிப்பெண்ணைத் தின்னும் சின்னப் பிழைகள்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் வடிவத்தில் 'என்றுக் கூறி' என்று வந்ததைக் கவனித்தீர்களா? வலி மிகுமா, மிகாதா என்ற குழப்பத்தில் நிறைய பேர் எல்லா இடத்திலும் ஒற்றைப் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் எங்குமே போடுவதில்லை.

முழு இலக்கணத்தையும் இங்கே சொல்ல முடியாது. ஆனால் கட்டுரையில் அடிக்கடி வரும் இடங்கள் சிலவே. 'ஐ' உருபுக்கும் 'கு' உருபுக்கும் பின்னால் மிகும்: ஊரைப் பற்றி, பள்ளிக்குச் சென்றேன். 'அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி' ஆகியவற்றுக்குப் பின்னாலும் மிகும்: அந்தக் கடை, எப்படிச் சொல்வது. 'ஒரு, பல, சில' வந்தால் மிகாது: பல கடைகள், சில பள்ளிகள். 'படித்த, வந்த, செய்த' போன்றவற்றுக்குப் பின்னாலும் மிகாது: படித்த புத்தகம், செய்த தவறு.

அடுத்தது, பலர் தடுக்கி விழும் இடம். 'எடுத்துக் கொடுத்தார்' என்பதில் க் வருகிறது. 'வந்து கொடுத்தார்' என்பதில் வரவில்லை. ஏன்? 'எடுத்து' என்பதில் கடைசி எழுத்துக்கு முன்னால் த் என்ற வல்லின ஒற்று இருக்கிறது. 'வந்து' என்பதில் இருப்பது ந் என்ற மெல்லினம். முன்னால் வல்லின ஒற்று இருந்தால் மிகும்: கேட்டுப் பார்த்தேன், படித்துச் சொன்னான், விற்றுத் தீர்ந்தது. மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: நின்று பார்த்தேன், சேர்ந்து போனோம், என்று கூறினார். 'செய்து கொடுத்தாள்' என்பதும் இதே கணக்குதான். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தாலே 'என்றுக் கூறி' வகைப் பிழை போய்விடும்.

'தமிழ் பள்ளி' என்று எழுதுபவர்களும் உண்டு. 'தமிழ்ப்பள்ளி'தான் சரி. தாங்கள் படித்த பள்ளியின் வகையையே பிழையாக எழுதினால் திருத்துபவர் முகம் சுளிக்கத்தானே செய்வார்?

ஒருமை பன்மையைப் பாருங்கள். 'கடைகள் இருக்கிறது' என்று வராது; 'கடைகள் இருக்கின்றன'. 'மரங்கள் விழுந்தது' என்று வராது, 'மரங்கள் விழுந்தன'. பேச்சில் இந்த வேறுபாடு இல்லாததால் எழுதும்போது கை வழுக்குகிறது. 'ஒவ்வொரு' என்று தொடங்கினால் அடுத்து வருவது ஒருமை: ஒவ்வொரு மாணவரும்.

'ஒரு அழகான' என்பது 'ஓர் அழகான' என்று வர வேண்டும். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', உயிர்மெய்க்கு முன் 'ஒரு'. ஆரம்பப்பள்ளியிலேயே படித்ததுதான், ஆனால் தேர்வு அறையில் மறந்துபோகும்.

பிறகு 'மற்றும்'. இலக்கணப்படி இது பெரிய குற்றம் இல்லை. ஆனால் ஆங்கிலத்திலும் மலாயிலும் யோசித்துவிட்டுத் தமிழில் எழுதும்போதுதான் இது பத்திக்கு நான்கு முறை வருகிறது. 'கடைத்தெருவும் கோயிலும் பள்ளியும்' என்று 'உம்' போட்டு எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாகத் தமிழாகிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரை கேட்டு வாங்குபவர்களும் இதைக் கவனியுங்கள்: அது கொடுக்கும் தமிழில் 'மற்றும்', 'ஆகும்', 'செய்யப்படுகிறது' மூன்றும் குவிந்து கிடக்கும். ஆசிரியர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

மொழியணி எத்தனை போடலாம்?

திருக்குறள், பழமொழி, உவமைத்தொடர், இரட்டைக்கிளவி என்று பாடத்திட்டத்தில் வருடக்கணக்கில் படித்ததை எல்லாம் ஒரே கட்டுரையில் கொட்ட ஆசை வரும். அளவு சொல்லும் விதி எதுவும் இல்லை. ஆனால் ஒரு சோதனை உண்டு. அந்தக் குறளையோ பழமொழியையோ எடுத்துவிட்டுப் பத்தியைப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது அங்கே தேவையில்லை. பாதி மறந்துபோன குறளை எழுதுவதைவிட, கருத்தை உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுவது பாதுகாப்பானது.

அதிகாரப்பூர்வக் கடிதம் வந்தால்?

கட்டுரைப் பகுதியில் கடிதமும் வரலாம். இங்கே வடிவம் கண்டிப்பானது. இதற்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 10 உலக மனநல நாள். அதையொட்டிப் பள்ளியில் ஒரு விளக்க உரை நிகழ்த்த மருத்துவர் ஒருவரை அனுப்பும்படி, தமிழ்மொழிக் கழகச் செயலாளர் என்ற முறையில் மருத்துவமனை இயக்குநருக்கு எழுதுகிறீர்கள்.

மேலே இடப்பக்கம் அனுப்புநரின் பெயரும் முகவரியும். அதற்குக் கீழே பக்கம் முழுக்க ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பெறுநரின் பதவியும் முகவரியும், வலப்பக்கம் தேதி. 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மா'. அடுத்த வரியில் கடிதத்தின் தலைப்பு, அடிக்கோடிட்டு. பிறகு, 'வணக்கம். மேற்கண்ட விவரம் தொடர்பாக எழுதுகிறேன்' என்ற வகையில் ஒரு தொடக்கம். கடைசியில் நன்றி, கையொப்பம், பெயர், பதவி. மலாய்க் கடிதத்தில் இரண்டாம் பத்தியிலிருந்து '2' என்று எண் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் அதைப் போடலாமா என்பதை உங்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நலம் விசாரிப்பு வேண்டாம். 'நான் இங்கு நலம், அங்கு நலமா' என்பது உறவுக் கடிதத்துக்கு. இயக்குநருக்குத் தெரிய வேண்டியது நான்கு விஷயங்கள்: என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மாணவர்கள். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும், வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கடிதத்தால் பயனில்லை. பதில் எழுத அவர் திரும்ப உங்களிடம் கேட்க வேண்டியிருக்கும்.

கணினியில் தட்டச்சு செய்தால்

பள்ளிப் பணிகளை இப்போ கணினியிலும் கேட்கிறார்கள். தமிழ் தட்டச்சில் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. 'முரசு அஞ்சல்' மென்பொருளையும் 'செல்லினம்' செயலியையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர்தான்.

யூனிகோட் எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் சிதறும். சில நேரம் புள்ளிகள் மட்டும் காணாமல் போய், கண்ணில் படாமலேயே பிழை தங்கிவிடும். இரண்டு பக்க ஓரங்களையும் நேராக்கும் வசதியைத் தமிழுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. நம் சொற்கள் நீளமானவை என்பதால் நடுவில் பெரிய பெரிய இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். சாய்வெழுத்து தமிழுக்கு எடுபடாது. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து, அதுவும் தலைப்புக்கு மட்டும்.

கடைசிப் பத்து நிமிடம்

எழுதி முடித்ததும் தாளை மூடிவிடாதீர்கள். பத்து நிமிடம் மிச்சம் வைத்து மூன்று முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்துக்காக.

முதல்முறை, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும். அவை மட்டுமே சேர்ந்து கதை சொல்கின்றனவா? இரண்டாம் முறை, உதடு அசைத்து மெதுவாக. செய்தி வாசிப்பதற்கு முன் நாங்கள் செய்வது இதைத்தான். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைப்போம். மூன்றாம் முறை கடைசி வரியிலிருந்து முதல் வரியை நோக்கி, பின்னோக்கி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கருத்தோட்டம் அறுந்துவிடுவதால் கண் எழுத்தை மட்டும் பார்க்கும். ல, ழ, ள குழப்பமும் விட்டுப்போன ஒற்றும் அப்போதுதான் சிக்கும்.

'என்று கூறி என் கட்டுரையை முடிக்கிறேன்' என்ற கடைசி வாக்கியத்தை என்ன செய்வது? நான் படிவம் 5 படித்தபோது எல்லாக் கட்டுரைகளையும் அப்படித்தான் முடித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். இன்று கையில் கிடைத்தால் அந்த வரியை அடித்துவிட்டு, பாட்டி சொன்னதோடு நிறுத்திவிடுவேன்.